ஒகையோப் பெட்டிக்கடை

பெட்டிக்கு வயது முப்பத்திரண்டு. பொன்னிறக் கூந்தலைத் தோளுக்கு மேலே சுருட்டி விட்டிருப்பார். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பலசரக்குக் கடை நடத்துகிறார். கணவர் டொன் பால் வண்டி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். சனிக்கிழமை இரவில் காருக்குள் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயம். வானொலியில் எந்தப் பாட்டு வந்தாலும் கூடவே பாடுவார். கடைக்கு வருகிறவர்களை ‘ஹனி’ என்று கூப்பிடுவார். விடைபெறும்போது ‘சோ லோங்’ என்பார். நடப்பது 1962ஆம் ஆண்டு. அதற்குப் பிறகு நடந்த எதுவும் பெட்டிக்குத் தெரியாது.

ஊழியர் கையேடு இப்படிச் சொல்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பெட்டியாக வேலை பார்த்த கமலாம்பிகைக்கு வயது ஐம்பத்தெட்டு. கூந்தல் கறுப்பு, அதுவும் மாதத்துக்கு ஒருமுறை பூசும் சாயத்தின் தயவால். 1962இல் அவர் பிறந்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவைதான். அவற்றில் சிலவற்றைத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்பது அவருடைய கருத்து. கணவர் செந்தில்நாதன் விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டி ஓய்ந்தவர். ரூஜ் பக்கத்தில் மகனோடு குடியிருக்கிறார்கள். நாய் இல்லை. கையேட்டோடு அவர் ஒத்துப்போனது ஒரே இடத்தில், கடை நடத்தினார் என்பதில். அந்தக் கடையும் உண்மையான கடை அல்ல.

இல்லத்தின் தரைத்தளத்தில் நீண்ட நடைபாதை ஒன்று உண்டு. மறதி நோய் வந்தவர்களுக்கு இளமைக்காலத்து நினைவுகள்தான் கடைசிவரை மிஞ்சும், ஆகவே அந்தக் காலத்தையே அவர்கள் கண்முன் கட்டி எழுப்பினால் மனம் அமைதியாகும் என்று அமெரிக்க நிறுவனம் ஒன்று வந்து நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னது. கோட்பாட்டில் குறை சொல்ல முடியாது. யாருடைய இளமைக்காலம் என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை. நிறுவனம் ஒகையோவைச் சேர்ந்தது. அதன் வழக்கமான தெருவும் ஒகையோத் தெரு. கனடியத் தெரு வேண்டுமென்றால் ஜனாதிபதியின் படத்தைக் கழற்றிவிட்டு மகாராணியின் படத்தை மாட்ட வேண்டும், அதற்குத் தனி விலை. நிர்வாகம் வழக்கமானதையே வாங்கியது. இவ்வாறாக, இத்தாலியிலும் ஜமேக்காவிலும் ஹொங்கொங்கிலும் சாவகச்சேரியிலும் இளமையைக் கழித்தவர்களுக்கு, அவர்கள் ஒருபோதும் போயிராத ஊரின் நினைவுகள் திருப்பித் தரப்பட்டன.

தெரு அழகாகத்தான் இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகச் சுழலும் முடிவெட்டும் கடைக் கம்பம். அங்கே யாரும் முடி வெட்டுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் சவர்க்கார விளம்பரமும் ரொக்கெட் ஏவுவதும் மாறி மாறி ஓடும். ஒரு பெற்றோல் பம்ப், கலன் முப்பத்தொரு சதம். காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்று. அதில் இடுப்பை மட்டும் திருப்பி ஆடும் அந்தக் காலத்து ‘ருவிஸ்ற்’ ஆட்டத்துக்கான பாட்டுகள், இடுப்பு எலும்பு மாற்றியவர்களுக்காக ஒலித்துக்கொண்டிருந்தன. கடைசியில் ஒரு பஸ் தரிப்பிடமும், உட்கார நீளமான வாங்கும். பஸ் வராது. வராத பஸ்ஸுக்காகக் காத்திருப்பது ஸ்காபரோவில் வாழ்ந்த எவருக்கும் புதிதல்ல என்பதால், அந்த வாங்கு மட்டும் எல்லோருக்கும் உடனே பழகிவிட்டது.

அதற்கு எதிரே பலசரக்குக் கடை. அலுமினியத் தட்டில் அடைத்த சாப்பாட்டுப் பெட்டிகள், ஜெலி மா, சூப் ரின்கள், பன்னிரண்டு சதத்துப் படக்கதைப் புத்தகங்கள். துண்டு போட்ட பாண் இருபத்தொரு சதம், கோப்பி பத்துச் சதம், முத்திரை நாலு சதம். காலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பணப்பையில் கடதாசிக் காசு கொடுப்பார்கள். மாலையில் காசு கல்லாப்பெட்டிக்கும் சாமான் தட்டுக்கும் திரும்பிவிடும். விலைவாசி ஏறாத, எவரும் ஏழையாகாத ஒரு பொருளாதாரம் ஸ்காபரோவில் நடந்துகொண்டிருந்தது. வீதிக்கு எதிர்ப்புறம் பிளாசாவில் அதே கோப்பிக்கு இரண்டு டொலருக்கு மேல் வாங்கினார்கள்.

இந்தத் தெருவில் விருப்பப்படி நடந்து திரியும் உரிமை தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு மட்டும். அடம்பிடிப்பவர்கள், கைநீட்டுபவர்கள், வாசலால் வெளியே போகப் பார்ப்பவர்கள் நாலாம் மாடிக்கு மாற்றப்படுவார்கள். அங்கே எண் அழுத்தினால்தான் கதவு திறக்கும்; தெரு இல்லை, ஜன்னலும் முழுதாகத் திறக்காது. ‘நாலாம் மாடி’ என்றால் இலங்கைத் தமிழருக்குக் கொழும்பில் விசாரணைக்குக் கொண்டுபோகும் இடம்தான் நினைவுக்கு வரும். நிர்வாகத்துக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் கமலாம்பிகை ஒரு கணம் கை வேலையை நிறுத்துவார்.

முதல் பெட்டி ஜெசிகா என்ற பெண். நாடகம் படித்தவர், விட்பியிலிருந்து கார் ஓட்டி வருவார், பொன்னிறக் கூந்தலுக்குத் தன் செலவிலேயே ஏற்பாடு செய்திருந்தார். பற்பசை விளம்பரம் ஒன்றில் இடம் கிடைத்ததும் போய்விட்டார். மூன்றாம் மாடியில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட கமலாம்பிகைக்கு அப்போது இலகு வேலை கொடுக்கச் சொல்லி வைத்தியர் எழுதியிருந்தார். தெருவுக்குப் பொறுப்பான தீப்தி அவரைக் கடையில் உட்காரவைத்தார். புதுப் பெயர்ப்பட்டி அடிக்க மேலிடத்தின் அனுமதி வேண்டும் என்பதால் பழைய பட்டியே சட்டையில் ஏறியது.

தீப்தி சென்னைக்காரர். படிக்க வந்து, வேலை கிடைத்து, றிச்மண்ட் ஹில்லில் வீடு எடுத்திருந்தார். தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை முதல் நாள் இருவருக்கும் இருந்தது.

“சும்மா உக்காந்து சிரிச்சிட்டிருந்தா போதும், ஆன்ட்டி,” என்றார் தீப்தி.

“எத்தினை மணி மட்டும் சிரிக்கவேணும், பிள்ளை?”

தீப்தி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். கமலாம்பிகை வேலை நேரத்தைத்தான் கேட்டார்.

கடைக்கு மேலே நாலைந்து மொழிகளில் பெயர்ப்பலகை வைக்க வேண்டியிருந்தது. தமிழை தீப்தி எழுதினார். யாழ்ப்பாணத்தார் எழுதியிருந்தால் ‘பெற்றி’ என்று வந்திருக்கும். ஒரு வம்பும் இல்லை. தீப்தி தன் ஊர் வழக்கப்படி ‘பெட்டி கடை’ என்று எழுதினார். மறுநாள் காலை இல்லத்தில் இருந்த ஸ்ரீஸ்கந்தராசா அந்தப் பலகைக்குக் கீழே வந்து நின்றார். சாவகச்சேரியில் தபால் கந்தோரில் இருந்தவர். காலைச் சாப்பாட்டில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு மறந்துவிடும். புணர்ச்சி விதி மறக்கவில்லை.

“பெட்டிக்கடை,” என்றார். “நடுவில ஒரு ‘க்’ வரவேணும். ஆர் உதை எழுதினது?”

“மனேச்சர் பிள்ளை, ஐயா.”

“உமக்கு என்ன பேர்?”

கமலாம்பிகை சட்டையைக் காட்டினார்.

“பெட்டியோ? தாய் தேப்பனுக்கு வேற பேர் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டுவிட்டு, பாணின் விலையைப் பார்த்தார். “இருபத்தொரு சதமோ? கொள்ளை. சரி, ஒண்டைத் தாரும்.”

ஒகையோவைக் கண்ணால் காணாத அவருக்கு அந்த விலைகளில் ஒரு பிசகும் தெரியவில்லை. சதம் என்றால் சதம்தான். 1962இல் அவர் வாழ்ந்த ஊரிலும் பாணைச் சதம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். நிறுவனத்தின் கோட்பாடு அதற்கே தெரியாத வழியில் பலித்துக்கொண்டிருந்தது.

உண்மையாகவே ஒகையோவில் பிறந்து, 1962இல் அங்கே இருபத்திரண்டு வயது இளைஞராக இருந்தவர் அந்த இல்லத்தில் ஒருவர்தான். வோல்ற்றர். கனடியப் பெண்ணைக் கட்டி இங்கே வந்தவர், மனைவி இறந்துவிட்டார், மகள் கல்கரியில். உயரமான, குரலை உயர்த்தாத மனிதர். தெருவை முதன்முதலில் பார்த்தபோது, இவ்வளவு சுத்தமான தெரு தன் மாநிலத்தில் இருந்ததில்லை என்று அவர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. ஜெசிகாவிடம் அவர் எதுவும் வாங்கியதில்லை. முன்பின் தெரியாத பெண் தன்னை ‘ஹனி’ என்று கூப்பிடுவது அவருக்குச் சரிப்படவில்லை. கமலாம்பிகை அந்தச் சொல்லை ஒருநாளும் வாயில் எடுக்கவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்த மனுசனையே அப்படிக் கூப்பிட்டதில்லை, கண்டவனையும் எதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். வந்தவரை நிமிர்ந்து பார்த்தார், சூப் ரின்னைப் பையில் போட்டார், “வேற?” என்றார். வோல்ற்றர் தலையை ஆட்டினார். கையேடு பொன்னிறக் கூந்தல் கேட்டது. ஒகையோக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாள்தோறும் வந்து ஒரு சூப் ரின் வாங்கினார். வாங்கிக்கொண்டு எதிரே பஸ் வாங்கில் உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை பெட்டி இவர்தான்.

சிக்கல் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வீட்டிலிருந்து எழும்பும்போது ‘போறன்’ என்று சொல்ல மாட்டார். ‘வாறன்’ என்பார். போகிறவர்தான் வாறன் என்கிறார். கேட்பவரும் ‘ஓம், வாங்கோ’ என்று அனுப்பிவைப்பார். ‘போறன்’ என்றால் சண்டை பிடித்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம், அல்லது அதைவிட மோசமானது. கமலாம்பிகை கனடாவுக்கு வந்த நாளிலிருந்து இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று “ஐ ஆம் கமிங்” என்பார். மூன்றாம் மாடியில் அதனால் ஒரு தீங்கும் வரவில்லை. அங்கே எவரும் எவர் சொல்வதையும் காதில் வாங்குவதில்லை.

வோல்ற்றர் காதில் வாங்கினார். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டுப் போகும் பெட்டி அவரைப் பார்த்து, வந்துகொண்டிருக்கிறேன் என்றார். அவர் காத்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது, எழும்பவில்லை. மாலை வேலைக்கு வந்தவர்கள் பெட்டி வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லிப் பார்த்தார்கள். போகிறேன் என்று அவர் சொல்லவில்லை, வருகிறேன் என்றுதான் சொன்னார் என்று வோல்ற்றர் பொறுமையாக விளக்கினார். மறதி நோயாளி என்று எழுதப்பட்ட ஒருவர் கேட்டதைக் கேட்டபடியே ஞாபகம் வைத்திருந்தார், அதுதான் பிரச்சினையாகிவிட்டது. சாப்பிடாமல் நாலைந்து இரவு போயிற்று. பிறகு ஒருநாள், கையைப் பிடித்து எழுப்பப் பார்த்த ஊழியரை அவர் தள்ளிவிட, அந்தப் பையனின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அறிக்கை மேலே போனது. நாலாம் மாடியில் அப்போது ஒரு கட்டிலும் காலியாக இருந்தது. திங்கட்கிழமை வைத்தியர் வந்து முடிவு செய்வார் என்று கல்கரியில் இருந்த மகளுக்குச் சொல்லப்பட்டது.

தீப்தி கடைக்கு வந்து கதவைச் சாத்தினார். கதவு மட்டைக் கதவு. சாத்தினாலும் எல்லாம் வெளியே கேட்கும்.

“கிளம்பும்போது அவர்கிட்ட என்ன ஆன்ட்டி சொன்னீங்க?”

“ஒண்டும் சொல்லேல்லை. வாறன் எண்டு சொன்னனான்.”

“தமிழ்லயா?”

“அந்தாளுக்கு என்னெண்டு தமிழ் விளங்கும்? இங்கிலிசிலதான்.”

தீப்திக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரம் எடுத்தது. பிடிபட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன், உங்கட ஊரில வெளிக்கிடேக்கை வாறன் எண்டு சொல்லுறேல்லையோ?” என்று கமலாம்பிகை கேட்டார்.

“சொல்லுவோம், ஆன்ட்டி. ஆனா இங்கிலீஷ்ல சொல்ல மாட்டோம்.”

இனிமேல் கையேட்டில் உள்ளபடி ‘சோ லோங்’ சொல்வது என்று முடிவாயிற்று. கமலாம்பிகைக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. ‘அவ்வளவு நீளம்’ என்று சொல்லிவிட்டுப் போவது எந்த வகை மரியாதை என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வேலை வேலைதான். அன்று பின்னேரம் வாங்குக்கு முன்னால் நின்று, இரண்டு சொல்லையும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார்.

வோல்ற்றர் நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

கையேட்டில் அதற்குப் பதில் இருக்கவில்லை. கமலாம்பிகை வெளியே போய்ப் பஸ் பிடித்தார். இந்தப் பஸ் வந்தது. அன்றிரவு வோல்ற்றர் எவரையும் தள்ளவில்லை. வாங்கிய சூப் ரின்னைக் கொண்டுவந்து பூட்டிய கடையின் முன்னால் வைத்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு பெரிய வாசலுக்குப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். காவலாளி அவரை அறைக்குக் கூட்டிப் போனார். சாப்பாடு அப்படியே திரும்பியது. தள்ளுவதைவிட வாசலுக்குப் போவது கடுமையான குற்றம். அதுவும் அறிக்கையில் ஏறியது.

வெள்ளிக்கிழமை விடியப்புறம் தேநீர் குடிக்கும்போது கமலாம்பிகை இதைக் கணவரிடம் சொன்னார்.

செந்தில்நாதன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பேசாமல் போறன் எண்டு சொல்லியிருக்கலாம்.”

“வயசு போன மனுசன் ஒண்டு வாசலில பாத்துக்கொண்டிருக்க, போறன் எண்டு ஆரும் சொல்லுவினமோ? என்ன கதை கதைக்கிறியள்?”

“அப்ப வாறன் எண்டு சொன்னால் வரவேணும்,” என்றார் செந்தில்நாதன். பகிடிக்குத்தான் சொன்னார். அவருடைய பகிடிகளை மனைவி கணக்கில் எடுப்பது அபூர்வம். இதை எடுத்தது எப்படி என்று பிறகு அவரே ஆச்சரியப்பட்டார்.

வேலை முடித்து அட்டை தேய்த்த ஊழியர் திரும்பவும் உள்ளே நிற்கக்கூடாது என்று இல்லத்தில் ஒரு விதி உண்டு. காப்புறுதிக்காக வைத்த விதி. வருகையாளருக்கு அந்த விதி இல்லை. அன்று பின்னேரம் கமலாம்பிகை கடையைப் பூட்டினார், ‘சோ லோங்’ சொல்லவில்லை, பழையபடி “ஐ ஆம் கமிங்” என்று வோல்ற்றரிடம் சொன்னார், அட்டையைத் தேய்த்தார், எதிரே பிளாசாவில் இரண்டு டொலர் சொச்சம் கொடுத்து ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மணி நெருங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பெயர்ப்பட்டியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு முன்வாசலால் வந்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று வரவேற்பில் இருந்த ஜோசப்பின் கேட்டார். ஸ்ரீஸ்கந்தராசாவை என்றார். பொய்யல்ல; முதலில் அவரைத்தான் பார்த்தார்.

“என்ன பெட்டி, கடை பூட்டின பிறகும் வியாபாரமோ?” என்றார் அவர்.

“இல்லை ஐயா, சும்மா.”

“சும்மா ஆரும் இஞ்ச வாறேல்லை,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவருடைய பிள்ளைகள் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள்.

கமலாம்பிகை வாங்குக்குப் போனார். அவசரத்தில் ஆங்கிலம் வரவில்லை.

“வந்திட்டன்,” என்றார்.

வோல்ற்றர் மணிக்கூட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுந்தார். மேலங்கியை அவரே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு அறை வாசல்வரை இருவரும் நடந்தார்கள். உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருவர் வருகிறேன் என்று சொன்னார், வந்தார். இனிச் சாப்பிட என்ன தடை? அதற்கு மேல் அவர் கமலாம்பிகையிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனியும் ஞாயிறும் வேலை இல்லாத நாட்கள். கமலாம்பிகை சனிக்கிழமை வந்தார், ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். திங்கட்கிழமை வைத்தியர் வந்தபோது, மூன்று இரவும் நோயாளி அமைதியாகச் சாப்பிட்டு நித்திரை கொண்டதாகக் குறிப்பு இருந்தது. காரணம் என்று எழுதவேண்டிய இடத்தில், சூழலுக்கு இசைவடைந்துவிட்டார் என்று எழுதினார்கள். வோல்ற்றர் தரைத்தளத்திலேயே இருப்பார் என்று கல்கரிக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. நாலாம் மாடிக் கட்டில் வேறொருவருக்குப் போயிற்று.

ஒருநாள் மாலை தாமதமாக வெளியே வந்த தீப்தி, பஸ் தரிப்பிடத்தில் நின்ற கமலாம்பிகையைக் கண்டு காரின் கண்ணாடியை இறக்கினார். “கோட்டுல விசிட்டர் ஸ்டிக்கர் இருக்கு, ஆன்ட்டி. கழட்டிடுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

அந்த நிறுவனம் பின்னர் அச்சிட்ட விளம்பரப் புத்தகத்தில் ஸ்காபரோ இல்லத்தைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. விலைப்பலகையும் பாட்டுப் பெட்டியும் தத்ரூபமாக அமைந்த பெட்டி என்ற பாத்திரமும் சேர்ந்து, ஒகையோவில் பிறந்த ஒரு முதியவரை அவருடைய இளமைக்காலத்துக்கே கூட்டிச்சென்று அமைதிப்படுத்தியதாக அதில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஜெசிகாவின் படம் போட்டிருந்தது.

கமலாம்பிகை ஒகையோவுக்குப் போனதில்லை. 1962ஐப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த மாரிகாலம் முழுவதும் அவர் வேலை முடிந்ததும் ‘வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போனார், பிறகு வந்தார்.